மூளைக் கட்டி டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

டிஃப்யூஷன் என்பது திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. படம். சாதாரணமாக அது ஓடுவது ஒன்றரை நிமிடம்தான். ஆனால் மூளைக் கட்டிக்காரருக்கு அடுத்து என்ன சிகிச்சை என்பதை அந்த ஒன்றரை நிமிடம் மாற்றிவிடும். நடுவில் நீர் கோத்த கட்டி சீழ்க்கட்டியா, க்ளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான புற்றுக்கட்டியா, அறுவை செய்த இடத்தின் ஓரத்து வெள்ளை மிச்சக் கட்டியா ரத்த ஓட்டம் நின்ற திசுவா என்ற கேள்விகளுக்கு டாக்டர் முதலில் திறப்பது இந்தப் படத்தைத்தான். அது கெட்டிருந்தால் உடனே இன்ஜினியருக்குப் போன் போடுவதோ, பத்து நிமிடம் ஓடும் பெரிய சீக்வென்ஸுக்கு (படமெடுக்கும் முறை) டெக்னீஷியன் தாவுவதோ வேண்டாம். பெரும்பாலான கோளாறுக்குக் காரணம் நோயாளியின் தலைமுடியிலோ, தலையைச் சுற்றிச் சிக்னல் வாங்கும் காயிலின் பிளக்கிலோ, செட்டிங்கிலோதான் இருக்கும். கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கி மேலே போகிறோம். ஏ.டி.சி. (தண்ணீர் நகர்வின் அளவு, தடை இருந்தால் குறையும்) எண்கள் எல்லாம் 10⁻³ மி.மீ.²/வினாடி கணக்கில். சில கன்சோல்கள் 0.78 என்பதை 780 என்று காட்டும், இரண்டும் ஒன்றுதான்.

எந்தக் கோளாறானாலும் முதலில் பி 0 படம்

பி 1000 (டிஃப்யூஷன் கிரேடியன்ட் போட்டு எடுத்த படம்), ஏ.டி.சி. இரண்டை மட்டும் பார்த்து முடிவுகட்டும் பழக்கத்தை விட வேண்டும். பி 0 படத்தையும் (அந்த கிரேடியன்ட் இல்லாமல் எடுத்தது), ரத்தத்தையும் கால்சியத்தையும் கருப்பாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது கிரேடியன்ட் எக்கோ படத்தையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். டாக்டர் படம் பார்க்கும் கணினிச் சேமிப்பான பேக்ஸுக்கு பி 0 தானாகப் போகாதபடி ப்ரோட்டோகால் இருந்தால் இன்றே மாற்றுங்கள். படம் இழுபட்டிருப்பது, ரத்தக் கசிவு, கொழுப்பு இடம் மாறியது, சிக்னல் குறைவு எல்லாமே பி 0-இல் அப்பட்டமாகத் தெரியும். அதே கோளாறு பி 1000-க்குப் போனால் நோய் போலத் தெரியும்.

அடுத்து இரண்டு இடத்தில் அளவு எடுங்கள். பக்கவாட்டு வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) நடுவில் வைத்தால் ஏ.டி.சி. 3.0-ஐ ஒட்டி வர வேண்டும். கட்டிக்கு எதிர்ப்பக்கம், வீக்கமில்லாத வெள்ளைப் பகுதியில் 0.7 முதல் 0.8 வரை வர வேண்டும். இரண்டும் சரி என்றால் கோளாறு கட்டி இருக்கும் இடத்தோடு சம்பந்தப்பட்டது. இரண்டும் தப்பு என்றால் கட்டியை விட்டுவிட்டு மெஷினையும் செட்டிங்கையும் பாருங்கள்.

கோளாறு: கட்டியின் வடிவம் இழுபட்டிருக்கிறது, மண்டை அடிப்பகுதி உருகி வழிந்தாற்போல் தெரிகிறது

டி2 படத்தில் உருண்டையாக இருக்கும் கட்டி டிஃப்யூஷனில் சப்பட்டையாகத் தெரியும். நெற்றி ஓரம், டெம்போரல் நுனி, காதெலும்புக்கு மேல், பிட்யூட்டரி பக்கம், இவைதான் அதிகம் மாட்டும் இடங்கள். காற்றும் எலும்பும் திசுவும் ஒட்டி நிற்கும் இடமெல்லாம் காந்தப்புலம் கோணும்.

*தலையில் என்ன இருக்கிறது?* கொண்டையை அவிழ்த்து விரலால் தடவிப் பாருங்கள். ஹேர்பின், பூ வைத்த கிளிப், முடிக்குள் சிக்கிய சேஃப்டி பின், கழற்றும் பல்செட், மூக்குத்தி. கண் மையில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருந்தால் கண்ணைச் சுற்றி மட்டும் படம் கோணும். ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு எடுங்கள். காலில் கிடக்கும் வெள்ளிக் கொலுசு தலைப் படத்தைக் கெடுக்காது. ஆனாலும் சூடேறும் அபாயம் இருப்பதால் அறைக்கு வெளியே கழற்றியே ஆக வேண்டும். இடுப்புத் தாயத்தும் அப்படித்தான், உள்ளே என்ன தகடு என்று யாருக்கும் தெரியாது. லேத் பட்டறை, வெல்டிங், ஸ்டீல் பிளான்ட் வேலை என்று சொல்பவரிடம் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றாலோ சந்தேகம் என்றாலோ கண் எக்ஸ்ரே எடுத்து ரேடியாலஜிஸ்ட் பார்த்த பிறகுதான் உள்ளே. இது படத்துக்காக அல்ல, அவர் பார்வைக்காக.

*ஷன்ட் இருக்கிறதா?* மூளை நீரை வடிக்கும் குழாயோடு தலையில் வால்வு வைத்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் பெரிய கருங்குழி விழும். அழுத்தத்தை வெளியிலிருந்து மாற்றும் வகை வால்வு என்றால் ஸ்கேனுக்கு முன்பே நியூரோசர்ஜனிடம் மாடல் பெயரைக் கேளுங்கள். சில மாடல்களில் காந்தத்தால் செட்டிங் மாறும், ஸ்கேன் முடிந்ததும் சரிபார்த்தாக வேண்டும். இதை டெக்னீஷியன் தனியாக முடிவு செய்யக் கூடாது.

*ஷிம்மும் திசையும்.* காந்தப்புலத்தைச் சமன் செய்யும் ஷிம் பெட்டி மூளையை மட்டும் மூடட்டும். கழுத்தும் வாயும் உள்ளே வந்தால் சராசரி கெடும். ஃபேஸ் திசை (படம் இழுபடும் திசை) முன்–பின்னாக இருக்கிறதா பாருங்கள். இடம்–வலமாக மாறியிருந்தால் இழுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இல்லாத மிட்லைன் ஷிஃப்ட் (மூளையின் நடுக்கோடு தள்ளிப் போவது) இருப்பதுபோலக் காட்டும். அடுத்து, முன்னிருந்து பின்னாக ஒரு பி 0, பின்னிருந்து முன்னாக ஒரு பி 0 எடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒன்றில் நசுங்கும் இடம் மற்றதில் விரியும். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் மாற்றம் நிஜமாகவே நோயாளியுடையது. இழுப்பைத் திருத்தும் சாஃப்ட்வேர் இருந்தால் அதற்கு வேண்டிய ஜோடியும் இதுதான். ஆனால் பல பிக்ஸல் ஒன்றின்மேல் ஒன்று குவிந்துவிட்ட இடத்தை எந்தச் சாஃப்ட்வேரும் முழுதாகப் பிரித்துத் தராது.

*செட்டிங்.* ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். எக்கோ ஸ்பேசிங் (ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே உள்ள நேரம்) 0.8 மில்லி விநாடி, ஃபேஸ் வரிகள் 128. பெருக்கினால் 102 மில்லி விநாடி. அப்படியென்றால் ஃபேஸ் திசையில் ஒரு பிக்ஸலுக்குக் கிட்டத்தட்ட 10 ஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லா மெஷினில் டெம்போரல் எலும்புக்கு மேல் புலம் 50 ஹெர்ட்ஸ் கோணியிருந்தால் 5 பிக்ஸல் நகரும். 230 மி.மீ. வியூவில் ஒரு பிக்ஸல் 1.8 மி.மீ. ஆக 9 மி.மீ. தள்ளிப் போகிறது, ஒரு சின்னக் கட்டியின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். பேரலல் இமேஜிங் (பல காயில் எலிமென்ட்டை வைத்துச் சில வரிகளைத் தவிர்ப்பது) காரணி 2 போட்டால் 4.5 மி.மீ. அதே தலை 3 டெஸ்லாவில் கிடந்தால் எல்லாம் இரட்டிப்பு. எனவே பேரலல் இமேஜிங் 2-ஆவது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். யாரோ பழைய ப்ரோட்டோகாலை நகலெடுத்து அது அணைந்து கிடப்பது சாதாரணம். 3-க்கு மேல் ஏற்றினால் தலையின் நடுவில் பொரி (இரைச்சல் புள்ளிகள்) பரவும்.

மல்டிபேண்ட் போட்டால் இழுப்பு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. அது பல ஸ்லைஸை ஒரே நேரத்தில் எடுத்து நேரத்தை மிச்சம் பிடிக்கும், அவ்வளவே.

*டெக்னிக்கையே மாற்ற வேண்டிய இடம்.* மேலே சொன்ன எல்லாம் செய்தும் கட்டி மண்டை அடியில் இருப்பதால் இழுப்பு தீரவில்லை என்றால்தான் ஹை-ரெசல்யூஷன் வகைகளுக்கு வர வேண்டும். அப்போதும் சாதாரண சிங்கிள்-ஷாட் இ.பி.ஐ.யை (ஒரே மூச்சில் ஒரு ஸ்லைஸை முடிக்கும் வழக்கமான முறை) நிறுத்தாதீர்கள். அதை முதலில் முழு மூளைக்கும் ஓட்டிவிட்டு, மற்றதைக் கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் சேருங்கள். நோயாளி நடுவில் அசைந்தாலும் கையில் ஒரு படம் இருக்கும்.

ரீட்-அவுட்டைத் துண்டு போடும் வகை, சீமென்ஸில் ‘ரிசால்வ்’. எக்கோ ஸ்பேசிங் 0.35 அளவுக்கு இறங்கும். பேரலல் இமேஜிங் 2-உடன் மேலே போட்ட அதே கணக்கில் 9 மி.மீ. நகர்வு 2 மி.மீ.க்கு வந்துவிடும். மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி நேவிகேட்டர் (அசைவைக் கண்டுபிடிக்கும் சின்ன அளவீடு) எடுத்து, கெட்ட துண்டைத் திரும்ப எடுக்கும் என்பதால் லேசான அசைவைத் தாங்கும். காதெலும்பு ஓரக் கட்டிக்கும் சின்ன எபிடெர்மாய்டுக்கும் (தோல் செல் நிறைந்த தீங்கற்ற கட்டி) இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வோம்.

ஃபேஸ் வரிகளைப் பல ஷாட்டாக எடுக்கும் வகை ஜி.இ.யில் ‘மியூஸ்’, பிலிப்ஸில் ‘ஐரிஸ்’. நாலு ஷாட் என்றால் இழுப்பு நாலில் ஒன்று, நேரம் நாலு மடங்கு. ஷாட்டுக்கு ஷாட் மூளைத் துடிப்பால் ஃபேஸ் மாறுவதை ஒன்று காயில் தகவலை வைத்தும் மற்றது நேவிகேட்டரை வைத்தும் திருத்தும். திருத்தம் தோற்றால் கட்டிமேல் கோடு கோடாக விழும். அப்போது ஷாட்டை நாலிலிருந்து இரண்டாகக் குறையுங்கள், கூட்டாதீர்கள்.

சின்ன வியூ வகையில் (‘ஃபோகஸ்’, ‘ஜூம்-இட்’) ஃபேஸ் திசையில் வியூவை மூன்றில் ஒன்றாக்கினால் அதே ரெசல்யூஷனில் இழுப்பும் மூன்றில் ஒன்றாகும். பான்ஸ், பிட்யூட்டரி, பார்வை நரம்பு போன்ற நடுக்கோட்டுச் சமாச்சாரத்துக்கு நல்லது. முழு மூளைக்கு இதை நினைக்க வேண்டாம்.

பல்லில் கம்பி, மண்டையில் தகடு என்றால் இ.பி.ஐ. குடும்பத்தையே விட்டு ‘ப்ரொப்பெல்லர்’ அல்லது ‘பிளேட்’ வகைக்குப் போங்கள். உலோகத்தை நன்றாகத் தாங்கும். 3 டெஸ்லாவில் எஸ்.ஏ.ஆர். (உடலில் ஏறும் சூட்டின் அளவு) எல்லை இடிக்கும், நேரமும் நீளும்.

*எப்போது இன்ஜினியர்:* உருண்டை ஃபேன்டத்தை (நோயாளிக்குப் பதில் வைக்கும் சோதனைப் பந்து) வைத்து அதே சீக்வென்ஸ் ஓட்டுங்கள். ஃபேன்டமும் முட்டை மாதிரி வந்தாலோ, ஷிம் இரண்டு முறை ஓட்டியும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றாலோ போன் போடுங்கள்.

கோளாறு: படம் பொரிபொரியாக இருக்கிறது, கட்டி ஓரம் பிடிபடவில்லை

முதலில் காயில். எல்லா எலிமென்ட்டும் தேர்வாகியிருக்கிறதா, பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, தலை காயிலின் மேல்முனை வரை ஏறியிருக்கிறதா பாருங்கள். கழுத்துக் குட்டையானவர்களுக்குத் தலை இரண்டு அங்குலம் கீழே நின்றுவிட்டால் வெர்டெக்ஸ் பக்கம் சிக்னல் போய்விடும்.

காயில் சரி என்றால் பேராசைதான் காரணமாக இருக்கும். 2×2×5 மி.மீ. வாக்ஸல் 20 கன மி.மீ. அதை 1.2×1.2×3 ஆக்கினால் 4.3. சிக்னல் நாலரை மடங்குக்கு மேல் விழுகிறது. ஆவரேஜ் போட்டு அதை மீட்க 21 மடங்கு நேரம் வேண்டும், யாரும் அவ்வளவு நேரம் படுத்துக் கிடக்க முடியாது. 1.5 டெஸ்லாவில் 1.5×1.5×4 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் சமரசம். பி 1000-க்கு ஆவரேஜைக் கூட்டுங்கள், பி 0-க்கு ஒன்றே போதும். டி.ஈ. (சிக்னல் வாங்கும் வரை காத்திருக்கும் நேரம்) தேவையில்லாமல் நீண்டிருந்தால் மினிமத்துக்கு இறக்குங்கள்.

திரையில் 256 மேட்ரிக்ஸ் என்று இருப்பதை நம்பி மற்ற சென்டர் படத்தோடு ஒப்பிடாதீர்கள். எடுத்த மேட்ரிக்ஸ் 128 ஆகவும், காட்டும் மேட்ரிக்ஸ் இடைநிரப்பிய 256 ஆகவும் இருக்கலாம். எடுத்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பொரியைச் சகித்துக்கொள்ளலாம் என்றும் விடக் கூடாது. சிக்னல் இரைச்சல் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் பி 1000-இல் அது அதற்குக் கீழே போகாது, கணக்கில் ஏ.டி.சி. நிஜத்தைவிடக் குறைவாக வரும். குறைந்த ஏ.டி.சி. என்றால் செல் நெருக்கமான கட்டி என்று படிப்பார்கள். வென்ட்ரிக்கிளில் 3.0 வர வேண்டிய இடத்தில் 2.2 வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

எலிமென்ட் ஒன்றை அணைத்து அணைத்து ஃபேன்டத்தில் சோதித்து, ஒரே எலிமென்ட் தொடர்ந்து கருப்பாக வந்தால் காயில் பழுது. அது செலவு, இன்ஜினியரிடம் விடுங்கள்.

கோளாறு: மூளைக்குள் வெள்ளைப் பிறை, அல்லது தலை இரண்டாகத் தெரிகிறது

பிறை என்றால் கொழுப்பு. 1.5 டெஸ்லாவில் கொழுப்புக்கும் தண்ணீருக்கும் 220 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஒரு பிக்ஸலுக்கு 10 ஹெர்ட்ஸ் என்ற மேற்கண்ட கணக்கில் 22 பிக்ஸல், அதாவது தலைத்தோல் கொழுப்பு 4 செ.மீ. நகர்ந்து மூளைக்குள் வந்து உட்காரும். கொழுப்புக்கு டிஃப்யூஷன் மிகக் குறைவு என்பதால் பி 1000-இல் வெள்ளை, ஏ.டி.சி.யில் கருப்பு: அசல் கட்டி போலவே வேஷம் போடும். பி 0-இல் பாருங்கள். வளைவு தலைத்தோலின் வளைவை அப்படியே ஒத்திருந்து, ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் அதே தூரத்தில் தொடர்ந்தால் கொழுப்பேதான். ஃப்ரீக்வென்சியை மறுபடி அட்ஜஸ்ட் செய்து, ஷிம் ஓட்டி, ஃபேட்-சாட்டை (கொழுப்புச் சிக்னலை அமுக்குவது) வலுவான வகைக்கு மாற்றுங்கள். நீண்ட டி.டி.ஐ.யின் (நார்ப்பாதையைக் காட்டும் பல திசை டிஃப்யூஷன்) கடைசிப் பகுதியில் மட்டும் பிறை வந்தால் கிரேடியன்ட் சூடாகி ஃப்ரீக்வென்சி நகர்ந்திருக்கிறது. சீக்வென்ஸை இரண்டாக வெட்டி நடுவே அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

சரியாகப் பாதி வியூ தள்ளி மங்கலான இரண்டாவது தலை தெரிந்தால் அது இ.பி.ஐ.யின் ஒற்றை–இரட்டை வரி பொருந்தாத கோஸ்ட். தலை அசைந்ததா பார்த்து மறுபடி ஓட்டுங்கள். ஃபேன்டத்திலும் அதே கோஸ்ட் வந்தால், குறிப்பாக சர்வீஸ் நடந்த மறுநாள் வந்தால், இன்ஜினியர் வர வேண்டும். எடி கரன்ட் அளவீடு உங்கள் வேலை அல்ல.

கோளாறு: ஒரு திசைப் படத்தில் மட்டும் கருப்புத் திட்டு, அல்லது மல்டி-ஷாட் கலங்கிவிட்டது

டிரேஸ் படம் மூன்று திசைகளின் கலவை. ஒரு திசை கெட்டால் கலவையும் கெடும். திசை வாரியாகத் திறந்து எது குற்றவாளி என்று பாருங்கள். இடம்–வலத் திசையில் மட்டும் பரைட்டல் பகுதியில் சிக்னல் விழுந்தால் டேபிள் அதிர்வு: டேபிள் லாக், தலைக்குக் கீழே மெத்தை, காயில் அடியில் தளர்வு. பான்ஸிலும் செரிபெல்லத்திலும் மட்டும் என்றால் நாடித் துடிப்பு. ஆவரேஜைக் கூட்டுங்கள், வசதியிருந்தால் கேட்டிங் (நாடியோடு ஒத்துப் படமெடுப்பது) போடுங்கள்.

மற்றதெல்லாம் நோயாளியின் அசைவு. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவருக்கு, ஏற்கெனவே கட்டியால் குமட்டல் இருந்தால் வந்ததும் டேபிளில் ஏற்றாதீர்கள். அரை மணி நேரம் சாய்ந்து உட்காரட்டும், வாந்தி வந்தால் வந்து முடியட்டும். பிறகு காதுக்கு அடைப்பு, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு, முழங்காலுக்குக் கீழே தலையணை. சீக்வென்ஸ் தொடங்கும் முன் மைக்கில் சொல்லுங்கள்: “அம்மா, இப்ப நாலு நிமிஷம் கடகடன்னு சத்தம் வரும். கட்டில் கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க. இருமல் வந்தா இப்பவே இருமிக்கோங்க, அப்புறம் தலைய மட்டும் அசைக்காம இருங்க.” இந்த மூன்று வாக்கியம் செய்யும் வேலையை எந்த நேவிகேட்டரும் செய்யாது. வலிப்பு அடிக்கடி வருபவர், குழப்பத்தில் இருப்பவர், சின்னக் குழந்தை என்றால் மல்டி-ஷாட் வேண்டாம், சிங்கிள்-ஷாட்டோடு நிறுத்துங்கள். மயக்கம் தேவை என்று தோன்றினால் அனஸ்தெடிஸ்டைக் கூப்பிடுங்கள். மூளை அழுத்தம் கூடியவருக்குத் தூக்க மருந்தை மற்றவர் கொடுப்பது ஆபத்து.

கோளாறு: பி 1000-இல் கட்டி வெள்ளை, ஏ.டி.சி. ஒத்துவரவில்லை

இதில்தான் நிதானம் அதிகம் வேண்டும்.

பி 1000-இல் வெள்ளை, ஏ.டி.சி.யிலும் வெள்ளை: டி2 வெளிச்சம் ஊடுருவுகிறது. பி 0-ஐத் திறந்தால் அங்கே அது இன்னும் வெள்ளையாக இருக்கும். டிஃப்யூஷன் தடை இல்லை. வீக்கமும் தாழ்ந்த கிரேடு கட்டியும் இப்படித்தான் இருக்கும். எபிடெர்மாய்டும் பெரும்பாலும் டி2 வெளிச்சத்தால் மின்னும், ஆனால் அதன் ஏ.டி.சி. மூளைத் திசுவை ஒட்டி நிற்கும்; அராக்னாய்டு சிஸ்டில் (மூளை உறையில் உள்ள நீர்ப்பை) அது வென்ட்ரிக்கிள் நீரை ஒட்டி நிற்கும். இரண்டையும் பிரிக்க அந்த ஒரு எண் போதும்.

பி 1000-இல் வெள்ளை, ஏ.டி.சி.யில் கருப்பு: தடை இருக்கிறது. அளக்கும் வட்டத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதே இப்போது பெரிது. சீழ்க்கட்டியில் நடுக்குழிதான் கருப்பாக இருக்கும். க்ளையோபிளாஸ்டோமாவில் நடுக்குழி பெரும்பாலும் ஏ.டி.சி.யில் வெள்ளை, சுற்றுச்சுவர் கருப்பு. லிம்ஃபோமாவில் (நிணநீர் செல் புற்று) திடப்பகுதி முழுக்க இறங்கியிருக்கும். மொத்தக் கட்டியையும் ஒரே வட்டத்தில் அடக்கிச் சராசரி எடுத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். கான்ட்ராஸ்ட் ஏறிய திடப்பகுதியைப் பக்கத்தில் வைத்து, அதற்குள் மிகக் கருப்பான இடத்தில் சின்ன வட்டம் வையுங்கள். மூன்று ஸ்லைஸில் எடுங்கள். எதிர்ப்பக்க வெள்ளைப் பகுதியோடு விகிதம் போடுங்கள். முன்பு வேறு மெஷினில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை டிஸ்க்கில் கொண்டுவந்தவருக்கு எண்ணைவிட இந்த விகிதம் நம்பகம். 5 மி.மீ. ஸ்லைஸில் 4 மி.மீ. சுவரை அளக்க முடியாது. பக்கத்து நீர் கலந்து எண் ஏறும். ஹை-ரெசல்யூஷன் வகை உண்மையிலேயே காசுக்குப் பெறுவது இந்த மாதிரி மெல்லிய சுவருக்கும் மண்டை அடிக்கும்தான்.

பி 0-இலேயே கருப்பு: நிறுத்துங்கள், அங்கே அளக்க வேண்டாம். ரத்தம் அல்லது கால்சியம். சிக்னலே இல்லாத இடத்தில் வரும் ஏ.டி.சி. எண்ணுக்கு அர்த்தமில்லை. எஸ்.டபிள்யூ.ஐ.யில் உறுதி செய்து, ரிப்போர்ட் எழுதும் டாக்டரிடம் அந்த ஸ்லைஸ் எண்ணைச் சொல்லுங்கள்.

நடுக்குழியில் தடை தெரிந்து, காய்ச்சலும் இருந்தால் ரிப்போர்ட் வரிசைக்குக் காத்திருக்காமல் ரேடியாலஜிஸ்டைப் போனில் பிடியுங்கள். சீழ்க்கட்டி வென்ட்ரிக்கிளுக்குள் உடைந்தால் காப்பாற்றுவது கஷ்டம். அதேபோல், தடை இல்லை என்பதை வைத்து மட்டும் சீழ்க்கட்டி இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மருந்து ஓடிக்கொண்டிருக்கும் சீழ்க்கட்டியின் ஏ.டி.சி. ஏறிக்கொண்டிருக்கும்.

கோளாறு: அறுவை முடிந்தவருக்கு ஓரத்தில் புது வெள்ளை

முதல் படம் 48, அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். அதற்குள் எடுத்த டிஃப்யூஷனில் குழி ஓரமாக மெல்லிய தடைப் பட்டை இருந்தால் அது பெரும்பாலும் அறுவையில் ரத்த ஓட்டம் இழந்த திசு. சில வாரம் கழித்து அதே இடம் கான்ட்ராஸ்ட் பிடிக்கும், அப்போது கட்டி திரும்பிவிட்டது என்று தோன்றும். முதல் படம் கையில் இருந்தால் அந்தக் குடும்பம் ஒரு பெரிய பயத்திலிருந்து தப்பிக்கும். அதனால் பழைய டிஃப்யூஷனைத் திறக்காமல் புதியதை முடிக்காதீர்கள்.

குழிக்குள் காற்று, ரத்தம், மேலே டைட்டானியம் தகடு இருப்பதால் இ.பி.ஐ. கட்டாயம் கோணும். இங்கே ப்ரொப்பெல்லர் அல்லது துண்டு ரீட்-அவுட் எடுங்கள். கான்ட்ராஸ்ட் போடும் முன் டி1-உம் எஸ்.டபிள்யூ.ஐ.யும் கட்டாயம். ரத்தமே டி1-இல் வெள்ளையாக இருக்கும் என்பதால், முன்படம் இல்லாமல் பின்படத்தை யாராலும் படிக்க முடியாது. பெவாசிசுமாப் (கட்டிக்கான மருந்து) போட்டவர்களில் மாதக்கணக்காக மாறாமல் நிற்கும் தடைப் பகுதி வரலாம். மருந்து விவரத்தைக் கேட்டு ரெக்விசிஷனில் எழுதிவிடுங்கள்.

கோளாறு: டிஃப்யூஷன் பாதியில் நின்றுவிடுகிறது

சித்திரை, வைகாசியில் சேலத்தில் இது அடிக்கடி வரும். கிரேடியன்டை அதிகம் சூடாக்கும் சீக்வென்ஸ் டிஃப்யூஷன்தான். வெளியே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மெஷினைக் குளிர்விக்கும் சில்லரால் சமாளிக்க முடியாது. எக்விப்மென்ட் ரூம் ஏ.சி. ஓடுகிறதா, ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா, சில்லரின் வெளி யூனிட்டுக்கு முன் அட்டைப் பெட்டி ஏதும் அடுக்கியிருக்கிறதா, டிஸ்ப்ளேயில் தண்ணீர் வெப்பமும் ஓட்டமும் வழக்கமான எண்ணில் இருக்கிறதா பாருங்கள். டி.ஆர். நேரத்தை (ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) நீட்டி, நடுவே டி2 ஃப்ளேரை நுழைத்து மூச்சு விடக் கொடுங்கள். நீண்ட டி.டி.ஐ. கேஸைக் காலை ஏழு மணிக்கு வையுங்கள்.

சில்லரைத் திறப்பது, தண்ணீர் நிரப்புவது, ஹீலியம் பக்கம் கை வைப்பது கூடாது. சில்லர் அலாரம் ஒரே நாளில் இரண்டு முறை அடித்தாலோ, ஹீலியத்தைக் குளிர வைக்கும் கோல்டு ஹெட்டின் டிக்-டிக் சத்தம் நின்றிருந்தாலோ நோயாளிகளை நிறுத்தி உடனே போன்.

படம் முழுக்கத் துணி நெசவு போலக் குறுக்குக் கோடு விழுந்தால் ஸ்பைக் (மின்பொறி இரைச்சல்). கதவு முழுதாக மூடியதா, அறைக்குள் பல்பு மினுக்குகிறதா, டேபிளில் ஏதும் உலோகம் தளர்ந்து கிடக்கிறதா பார்க்கலாம். அதற்கு மேல் இன்ஜினியர் வேலை.

கோளாறு: டி.டி.ஐ.யில் கட்டிக்குப் பக்கத்து நார்ப்பாதை அறுந்து தெரிகிறது

முதலில் நிறம். கார்பஸ் கலோசம் சிவப்பு, கை கால் இயக்கப் பாதை நீலம், சிங்குலம் பச்சை. மாறியிருந்தால் கிரேடியன்ட் அட்டவணையின் ஒரு அச்சு இடம் மாறியிருக்கிறது; அந்த டிராக்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். நிறம் சரியாக இருந்தும் அச்சின் குறி மட்டும் தலைகீழாகியிருக்கலாம். கலோசத்தின் முன் வளைவில் நார்க்கோடுகள் வளைவோடு போகாமல் குறுக்கே வெட்டினால் அதுதான்.

30 திசையாவது இருக்கிறதா, கெட்ட வால்யூம் நீக்கப்பட்டதா பாருங்கள். எல்லாம் சரி என்றால் வீக்கம் எஃப்.ஏ.வை (நார் எவ்வளவு ஒரே திசையில் ஓடுகிறது என்ற எண்) இறக்கியிருக்கும், வரம்பை 0.2-இலிருந்து 0.15 அல்லது 0.1-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லை என்றாலும் நார் அங்கே இல்லை என்று பொருள் இல்லை. இதை சர்ஜனிடம் நேரில் சொல்லுங்கள், படத்தின் மேல் எழுதியும் வையுங்கள். அறுவையின்போது வழிகாட்டும் நேவிகேஷனில் ஏற்றும் முன் பி 0-ஐ டி1-உடன் பொருத்தி, கட்டி ஓரத்தில் எத்தனை மி.மீ. விலகல் என்று அளந்து அவரிடம் கொடுங்கள்.

இன்ஜினியரைக் கூப்பிடும் முன் ஒரு ஐஸ் சோதனை

ஏ.டி.சி. எண்ணிலேயே சந்தேகம் என்றால், மூடியுள்ள ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியின் நடுவே காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் உடைத்த ஐஸும் தண்ணீரும் நிரப்புங்கள். ஒரு மணி நேரம் விடுங்கள். ஸ்கேன் முடிந்த பிறகும் ஐஸ் மிதந்துகொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சோதனை செல்லாது. 0 டிகிரியில் தண்ணீரின் ஏ.டி.சி. 1.1. காயிலின் நடுவில் வைத்து எடுத்தால் 1.05-க்கும் 1.15-க்கும் நடுவே வர வேண்டும். ஐஸ் இல்லாத வெறும் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். ஒரு டிகிரிக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் எண் மாறும், மே மாதத் தண்ணீரும் டிசம்பர் தண்ணீரும் ஒன்றல்ல.

எண் வெளியே போனால் மூன்று திசையிலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒரே திசை விலகினால் அந்த கிரேடியன்ட் அளவீடு. போனில் சொல்ல வேண்டியவை: எரர் கோடு, நேரம், சீக்வென்ஸ் பெயர், காயில் பெயர், அப்போதைய சில்லர் வெப்பம், ஃபேன்டத்திலும் வருகிறதா இல்லையா. கெட்ட படத்தை இடம் பிடிக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். இன்ஜினியர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.